அரிசி சிப்பம் ஏன் 26 கிலோ? அவலூர்பேட்டை நெல் மூட்டை சொல்லும் கூட்டாட்சிக் கதை

மாத ஆரம்பம். மளிகைக் கடையில் ‘பொன்னி ஒரு சிப்பம் போடுங்க’ என்கிறீர்கள். கடைக்காரர் எடுத்து வைக்கும் மூட்டையில் ‘26 கிலோ’ என்று அச்சிட்டிருக்கிறது. சின்ன வயசில் நாம பார்த்தது 25 கிலோ சிப்பம்தானே? அந்த ஒரு கிலோ எங்கிருந்து வந்தது?

ஆலைக்காரரின் தாராள மனசு எல்லாம் காரணம் இல்லை. 2022 ஜூலை 18 முதல், பைகளில் அடைத்து லேபிள் ஒட்டி விற்கும் அரிசி 25 கிலோ அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதைத் தாண்டினால் வரி இல்லை. அவ்வளவுதான், 25 கிலோ சிப்பம் 26 ஆகிவிட்டது.

சரி, இந்த 25 கிலோ எல்லையைப் போட்டது யார்? டெல்லியா, சென்னையா? இரண்டும் உட்கார்ந்திருந்த ஒரு மேஜையில்தான் அது முடிவானது. உங்கள் கைக்கு வரும் அரிசி வயலிலிருந்து கடை வரை வருவதற்குள் இப்படிப் பல மேஜைகளைத் தாண்டுகிறது. பள்ளிக்கூடக் குடிமையியல் புத்தகத்தில் ‘கூட்டாட்சி’ என்று படித்துவிட்டு மறந்துபோனோமே, அது நடைமுறையில் இதுதான். புரிந்துகொள்ள ஒரே ஒரு நெல் மூட்டையைப் பின்தொடர்ந்து போனால் போதும்.

மூட்டை புறப்படும் ஊர்

விழுப்புரம் மாவட்டம், மேல்மலையனூர் வட்டம், அவலூர்பேட்டை. செஞ்சிக் கோட்டைக்கு வடமேற்கே இருக்கும் ஊர். ஏரியையும் கிணற்றையும் நம்பி விவசாயம் நடக்கும் பகுதி. இங்கே அறுவடை முடித்த ஒரு விவசாயிக்கு, வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரியை விட்டுவிட்டால், இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, ஊர்க்காரர்கள் ‘கமிட்டி’ என்று சொல்லும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். மூட்டைகளை இறக்கி வைத்தால் வியாபாரிகள் மறைமுக ஏலத்தில் விலை கேட்பார்கள். சந்தைக் கட்டணம் 1 சதவீதம். அதை வாங்கும் வியாபாரிதான் கட்ட வேண்டும்.

இன்னொன்று, நேரடி நெல் கொள்முதல் நிலையம். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்துவது. ஏலம் கிடையாது, விலை முன்பே அறிவிக்கப்பட்டிருக்கும். 2025-26 பருவத்துக்குச் சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், சாதாரண ரகம் 2,500 ரூபாய்.

இந்த 2,545 ரூபாயைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 2,389 ரூபாய் மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை. மீதி 156 ரூபாய் தமிழ்நாடு அரசு சேர்த்துக் கொடுக்கும் ஊக்கத்தொகை. வங்கிக் கணக்கில் ஒரே தொகையாக வந்து விழுகிறது. அதற்குள் இரண்டு அரசுகள் இருக்கின்றன.

“18 காட்டுது, காய வெச்சுக் கொண்டாங்க”

விலையில் இரண்டு அரசுகள் இருப்பது நல்ல விஷயம்தானே என்று தோன்றும். மழை வரும்போதுதான் சிக்கல் தெரியும்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்தை ஒரு சின்னக் கருவியில் பார்ப்பார்கள். 17 சதவீதம் வரை எடுத்துக்கொள்வார்கள். 18 காட்டினால்? “காய வெச்சுக் கொண்டாங்கண்ணே” என்பதுதான் பதில். ஐப்பசி மழையில் எங்கே போய்க் காய வைப்பது? களத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்த நெல் இரண்டு நாளில் முளை விட்டுவிடும். போட்ட காசு கண்ணெதிரே போகும்.

கோபம் யார் மேல் வரும்? எதிரில் நிற்கும் நிலைய ஊழியர் மேல். அவர் மாநிலக் கழகத்தின் ஊழியர். ஆனால் அந்த 17 என்ற எண்ணை அவரும் போடவில்லை, சென்னையும் போடவில்லை. மத்தியத் தொகுப்புக்காக வாங்கும் நெல்லுக்கு மத்திய உணவுத் துறை வகுத்த விதி அது. அதைத் தளர்த்த வேண்டும் என்றால் மாநிலம் கடிதம் எழுத வேண்டும். டெல்லியிலிருந்து குழு வந்து மாதிரி எடுக்க வேண்டும். பிறகு முடிவு வரும். 2022 அக்டோபரில் இப்படிக் கேட்டு 19 சதவீதம் வரை அனுமதி கிடைத்தது. 2025 அக்டோபரில் 22 சதவீதம் வரை கேட்டு மாநிலம் கடிதம் எழுதியது, மத்தியக் குழுக்கள் வந்து மாதிரி எடுத்தன. குழு வந்துபோகும்வரை மழை காத்திருக்காது என்பதுதான் விவசாயியின் பிரச்சினை.

அதே சமயம் எல்லாவற்றையும் டெல்லி பக்கம் தள்ளிவிடவும் முடியாது. நிலையத்தைச் சரியான நேரத்தில் திறக்கவில்லை, சாக்கு இல்லை, வாங்கிய மூட்டைகளை ஏற்றிப்போக லாரி வரவில்லை, மூட்டைகள் வெட்டவெளியில் நனைகின்றன என்றால் அதெல்லாம் மாநில நிர்வாகத்தின் வேலை.

யார் எதற்குப் பொறுப்பு என்று தெரியாத இடத்தில் இரண்டு பேருமே தப்பிக்கலாம். கூட்டாட்சி பற்றித் தெரிந்துகொள்வது தேர்வுக்காக இல்லை, இதற்காகத்தான்.

மூன்று பட்டியல்கள்

அரசியலமைப்புச் சட்டத்தின் 7-வது அட்டவணை இந்தப் பங்கீட்டைச் செய்கிறது. 1950-ல் தொடங்கியபோது மத்தியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, இரண்டு பேருக்கும் பொதுவான பட்டியலில் 47 என்று அதிகாரங்கள் எழுதப்பட்டிருந்தன. பிறகு வந்த திருத்தங்களில் எண்ணிக்கை மாறியிருக்கிறது. எதிலும் இல்லாத புது விஷயம் வந்தால் அது நாடாளுமன்றத்துக்குப் போகும்.

நம் நெல் மூட்டையை இந்தப் பட்டியல்களில் தேடுவோம்:

* விவசாயம், சந்தைகள், கூட்டுறவுச் சங்கங்கள்: மாநிலப் பட்டியல்.
* நெல் உள்ளிட்ட உணவுப்பொருள் வணிகம், விலைக் கட்டுப்பாடு, மின்சாரம்: பொதுப்பட்டியல்.
* தேசிய நெடுஞ்சாலை, ரயில், வங்கி: மத்தியப் பட்டியல்.

அதாவது கிணற்று மோட்டாருக்கு வரும் இலவச மின்சாரம் தமிழ்நாடு அரசின் முடிவு. மின்சாரத் துறை இயங்குவது நாடாளுமன்றம் இயற்றிய 2003-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். யூரியாவுக்கு மானியம் டெல்லி கொடுக்கிறது. மூட்டை கிடைப்பது ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில். செஞ்சி வழியாகப் போகும் கிருஷ்ணகிரி - திண்டிவனம் சாலை தேசிய நெடுஞ்சாலை. கிராமத்திலிருந்து அதில் போய்ச் சேரும் சாலை மாநிலத்தின் பொறுப்பு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ‘டெல்லி பெரியது, சென்னை அதற்குக் கீழே’ என்று பலரும் நினைக்கிறோம். பட்டியலில் அப்படி எழுதவில்லை. இரண்டு அரசுகளுக்கும் அதிகாரம் கொடுத்திருப்பது ஒரே புத்தகம்தான். மாநில அரசு டெல்லியின் கிளை அலுவலகம் கிடையாது. அதேபோல, நாடாளுமன்றத்தில் எத்தனை பெரிய பெரும்பான்மை இருந்தாலும், சட்டமன்றத்தில் 200 இடங்கள் ஜெயித்தாலும், அந்தப் புத்தகம் போட்ட கோட்டைத் தாண்ட முடியாது. தாண்டினால் நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்யலாம். அரசியலமைப்பின்படி நடக்கும் அரசு என்பதற்கு அர்த்தம் இதுதான்: ஆள்பவருக்கும் எல்லை உண்டு.

ஒரு சந்தை, இரண்டு உரிமையாளர்கள்?

கோடு எப்போதும் தெளிவாக இருக்குமா? இல்லை. அதற்கு நல்ல உதாரணம் 2020-ல் வந்த மூன்று வேளாண் சட்டங்கள்.

‘சந்தை’ மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் அவலூர்பேட்டை கமிட்டி தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ், விழுப்புரம் விற்பனைக் குழுவின் கீழ் நடக்கிறது. ஆனால் ‘உணவுப்பொருள் வணிகம்’ பொதுப்பட்டியலில் இருக்கிறது. 1954-ம் ஆண்டின் மூன்றாவது திருத்தம் அந்தப் பிரிவை விரிவாக்கியது. மத்திய அரசு இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டது. ‘கமிட்டி வளாகத்துக்கு உள்ளே உங்கள் சட்டம், வளாகத்துக்கு வெளியே எங்கள் சட்டம். வெளியே வாங்கினால் மாநிலம் கட்டணம் வசூலிக்கக் கூடாது’ என்பதுதான் அதில் ஒரு சட்டத்தின் சாரம்.

நல்லது என்றவர்களும் இருந்தார்கள்: விவசாயி எங்கே வேண்டுமானாலும் விற்கலாமே, போட்டி வந்தால் விலை ஏறுமே என்றார்கள். எதிர்த்தவர்கள் கேட்டது வேறு: கட்டணம் இல்லாத வெளிச்சந்தைக்கு வியாபாரிகள் போய்விட்டால் கமிட்டி என்ன ஆகும்? கமிட்டி ஏலத்தில் கேட்கும் விலைதானே ஊருக்கே அளவுகோல்?

இதில் யார் சொன்னது சரி என்பது பொருளாதார விவாதம். கூட்டாட்சிக் கேள்வி அதற்கு முன்னால் வருகிறது: இந்த முடிவை எடுக்க வேண்டியது யார்? 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்தி வைத்தது. ஆகஸ்ட் 28 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. நவம்பரில் மத்திய அரசே சட்டங்களைத் திரும்பப் பெற்றது. அதனால் ‘சந்தை’ எங்கே முடிகிறது, ‘வணிகம்’ எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு அந்த வழக்கில் இறுதித் தீர்ப்பு வராமலேயே போனது.

மோதினால் யார் பேச்சு செல்லும்?

பொதுப்பட்டியல் விஷயத்தில் மத்திய சட்டமும் மாநிலச் சட்டமும் முட்டிக்கொண்டால், மத்திய சட்டம்தான் செல்லும். 254-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு சின்னக் கதவும் இருக்கிறது: மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தால், அந்த மாநிலத்துக்குள் அது செல்லும்.

அந்தக் கதவு வழியாக நாம் ஏற்கெனவே போயிருக்கிறோம். ஜல்லிக்கட்டு! விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் மத்திய சட்டம். மெரினா போராட்டத்துக்குப் பிறகு 2017-ல் தமிழ்நாடு அதில் திருத்தம் கொண்டுவந்தது, குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது.

பட்டியலையே மாற்றவும் முடியும். கமிட்டியில் நெல் மூட்டை ஏறும் தராசையே எடுத்துக்கொள்ளுங்கள். எடையும் அளவும் 1976 வரை பெரும்பாலும் மாநில விஷயம். நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42-வது திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது. அதே திருத்தத்தில் இடம் மாறியதுதான் கல்வி. நீட் விவாதம் வரும்போதெல்லாம் ‘கல்வியை மாநிலப் பட்டியலுக்கு மாற்று’ என்ற குரல் எழுவது இதனால்தான்.

ஆனால் பட்டியலை மாற்ற நாடாளுமன்றம் மட்டும் போதாது. பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களாவது ஒப்புக்கொள்ள வேண்டும். மாநிலங்களின் அதிகாரத்தைத் தொடும் மற்ற திருத்தங்களுக்கும் இதே விதிதான். 97-வது திருத்தம் கூட்டுறவுச் சங்கங்களுக்கு விதிகள் போட்டபோது இந்த ஒப்புதலை வாங்கவில்லை. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களைக் கட்டுப்படுத்தும் பகுதி செல்லாது என்று சொல்லிவிட்டது. யூரியா வாங்கப் போகும் அந்த ஊர்ச் சங்கம் யாருடைய சட்டத்தில் நடக்கும் என்பதை முடிவு செய்த தீர்ப்பு அது.

கோட்டை சொல்லும் பழைய பதில்

அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்கு வந்தால் மலை மேல் கோட்டை. நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிக்கொண்டே இருந்த இடம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இந்தக் கோட்டையைப் பராமரிப்பது மத்தியத் தொல்லியல் துறை. அடிவாரத்தில் குப்பை அள்ளுவது செஞ்சிப் பேரூராட்சி. கூட்டாட்சியை ஒரே போட்டோவில் எடுக்கணும்னா இங்கே எடுக்கலாம்.

தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் வாழும் தேசிங்கு ராஜாவின் சண்டைகூட அடிப்படையில் அதிகாரப் பங்கீட்டுச் சண்டைதான். அப்பா சொரூப் சிங்குக்குச் செஞ்சியைக் கொடுத்தது முகலாய அரசு. அவர் இறந்தபின் மகன் கோட்டையை எடுத்துக்கொண்டார். பாக்கிக் கப்பத்தைக் கட்டு என்றார் ஆற்காடு நவாப். இவர் மறுத்தார். 1714-ல் போர்க்களத்தில் முடிவு வந்தது. மேலிருப்பவர் கொடுத்த அதிகாரத்தை மேலிருப்பவரே எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்தக் காலத்து விதி.

இன்றைய மாநில அரசுக்கு அதிகாரம் அப்படி வந்ததில்லை. ஆனாலும் பழைய வாசனை சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. 356-வது பிரிவைப் பயன்படுத்தி 1976-லும் 1991-லும் கருணாநிதி அரசையும், 1980-ல் எம்.ஜி.ஆர். அரசையும் டெல்லி கலைத்தது. 1991-ல் ஆளுநரின் அறிக்கை இல்லாமலேயே நடந்தது. 1994-ல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு இதற்குக் கடிவாளம் போட்டது: பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதைச் சட்டமன்றத்தில்தான் பார்க்க வேண்டும், கலைப்பு உத்தரவை நீதிமன்றம் ஆராயலாம், கூட்டாட்சி என்பது அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு.

இப்போதைய உரசல் ஆளுநர் மேஜையில். கமிட்டி பற்றிச் சட்டமன்றம் நாளைக்கே ஒரு மசோதா நிறைவேற்றினாலும் ஒப்புதல் கிடைத்தால்தான் அது சட்டம். ஒப்புதலும் தராமல், திருப்பியும் அனுப்பாமல் வைத்திருந்தால்? தமிழ்நாடு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று, இரண்டு நீதிபதிகள் அமர்வு 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே அறிவித்து, காலக்கெடுவும் விதித்தது. குடியரசுத் தலைவர் 14 கேள்விகள் எழுப்பினார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த கருத்து வேறு மாதிரி இருந்தது: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, தானாக ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது, ஆனால் காரணமே இல்லாமல் நீண்ட காலம் முடக்கி வைத்தால் முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். ‘நீண்ட காலம்’ என்றால் எவ்வளவு? அந்தக் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

மறுபடி 26 கிலோ

இப்போது ஆரம்பித்த இடத்துக்கு வருவோம். அரிசி வரியை முடிவு செய்தது ஜிஎஸ்டி கவுன்சில். மத்திய நிதியமைச்சரும் மாநில அமைச்சர்களும் உட்காரும் மேஜை. வாக்குக் கணக்கு இப்படி: மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு, அதாவது 75 சதவீதம் வேண்டும். எல்லா மாநிலங்களும் கைகோத்தாலும் 67-ஐத் தாண்டாது. டெல்லி தனியாகவும் எதையும் கொண்டுவர முடியாது. ஆனால் டெல்லி வேண்டாம் என்றால் எதுவும் நகராது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், கவுன்சிலின் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையோ சட்டமன்றங்களையோ கட்டுப்படுத்தாது என்று சொன்னது. நடைமுறையில் எல்லோரும் அதைப் பின்பற்றவே செய்கிறார்கள்.

சென்னை கேட்பதை ஊராட்சி கேட்டால்?

1969-ல் ராஜமன்னார் குழு, 1974-ல் மாநில சுயாட்சித் தீர்மானம், 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் குழு. மாநில உரிமைக்கு இந்தியாவிலேயே அதிகம் குரல் கொடுத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

அதே அளவுகோலை அவலூர்பேட்டை ஊராட்சி அலுவலகத்தில் வைத்துப் பார்த்தால்? 73-வது திருத்தம் ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று 29 விஷயங்களை வரிசையாகச் சொல்கிறது. விவசாயம், சிறு பாசனம், சந்தை எல்லாம் அதில் உண்டு. ஆனால் எதை, எவ்வளவு கொடுப்பது என்பது மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பம். கூட்டாட்சிக்கான வாதம் கோட்டையோடு நின்றுவிடக் கூடாது, ஊராட்சி வரை போக வேண்டும் என்று சொல்பவர்களின் கேள்வி நியாயமானது.

சரி, யாரைக் கேட்பது?

* ஈரப்பதம் 17-ஐத் தாண்டியது என்று நெல் திரும்பி வந்தால்: விதியைத் தளர்த்த வேண்டியது மத்திய உணவுத் துறை. உங்கள் எம்.பி.யைக் கேளுங்கள். அதற்கான கடிதம் நேரத்தில் போனதா என்று எம்.எல்.ஏ.வையும் கேளுங்கள்.
* நிலையம் திறக்கவில்லை, சாக்கு இல்லை, மூட்டை நனைகிறது: மாநில அரசு. நுகர்பொருள் வாணிபக் கழகம், மாவட்ட ஆட்சியர்.
* கமிட்டி ஏலம், எடை, பணம் தாமதம்: விற்பனைக் குழு, மாநில வேளாண் துறை.
* யூரியா தட்டுப்பாடு: மாநிலத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு என்று டெல்லியிடம், வந்தது எங்கே போனது என்று சென்னையிடம்.
* குடிநீர், தெருவிளக்கு: ஊராட்சி.

அடுத்த முறை ஏதாவது ஓர் அரசியல்வாதி ‘அது எங்க கையில இல்லைங்க’ என்று சொன்னால், அவர் சொல்வது உண்மையா என்று 7-வது அட்டவணையில் பார்த்துவிடலாம். போனில் தேடினால் கிடைக்கும். படிக்கக் கொஞ்ச நேரம் போதும். 26 கிலோ சிப்பத்தை மாடிக்கு ஏற்றிவிட்டு மூச்சு வாங்கும் நேரத்தில் முடித்துவிடலாம்.